மாலத்தீவில் சாப்பாடும் சாமானும்: இந்தத் தவறுகள் வேண்டாம்

மாஃபுஷி மாதிரி, ஊர் மக்கள் வாழும் உள்ளூர்த் தீவில் அறை எடுத்தால் செலவு குறையும் என்று போகிறவர்கள், மிச்சம் பிடித்த காசைச் சாப்பாட்டில் விட்டுவிட்டு வருகிறார்கள்.

சைவக்காரர்கள் பெயரைப் பார்த்து ஏமாறுவதுதான் முதல் தவறு. டீக்கடையில் உட்கார்ந்தால் கேட்காமலே நாலைந்து தட்டில் பலகாரம் வரும். ஹெதிகா என்பார்கள், தின்றதற்கு மட்டும் காசு. அதில் இருக்கும் பஜியா நம் பஜ்ஜி இல்லை. சமோசா போல முக்கோணமாக இருக்கும், உள்ளே சூரை மீன். உருண்டையான குல்ஹாவிலும் மீனும் தேங்காயும்தான். காலையில் ரொட்டியோடு வரும் மஸ் ஹுனியைத் தேங்காய்த் துருவல் என்று நினைத்து வாயில் போட்டுவிடாதீர்கள். மாலத்தீவுக்காரர்கள் பேசும் திவேஹி மொழியில் மஸ் என்றாலே மீன். மீன் சாப்பிடுகிறவர்களுக்கோ இதைவிட நல்ல காலைச் சாப்பாடு அங்கே கிடையாது. இதை விட்டுவிட்டு பர்கர் தேடி அலைகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

அடுத்தது பில். சுற்றுலா விடுதி மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால், 10 சதவீத சேவைக் கட்டணமும் அதன்மேல் சுற்றுலா வரியும் தனி என்று அர்த்தம். 2025 ஜூலையிலிருந்து அந்த வரி 17 சதவீதம். 20 டாலர் சாப்பாடு கிட்டத்தட்ட 26 டாலராகிவிடும். டீக்கடைக்கு உள்ளூர்ப் பணமான ருஃபியாவாகவே கொண்டுபோங்கள்.

மளிகையில், நம் ஊரில் வாங்குகிற அதே ஆப்பிளையும் திராட்சையையும் அங்கேயும் தேடாதீர்கள். கடல் தாண்டி வந்தவை, விலையும் அப்படித்தான். தொட்டூ என்ற தீவில் விளையும் தர்பூசணியும் பப்பாளியும் இருக்கின்றனவே! சின்னத் தீவுகளுக்குக் காய்கறி தலைநகர் மாலேவிலிருந்து படகில்தான் வரும். சரக்கு வரும் நாளைக் கடைக்காரரிடம் கேட்டு, அன்றைக்கே வாங்குங்கள். வெள்ளிக்கிழமை மதியத் தொழுகைக்குக் கடைகள் அடைத்துவிடும். தண்ணீர் பாட்டிலைக் காலையிலேயே வாங்கி வையுங்கள். ரமலானில் பகலில் டீக்கடையும் இருக்காது. மதுவும் பன்றி இறைச்சியும் பெட்டியில் வேண்டவே வேண்டாம், சுங்கத்தில் பிடித்துவிடுவார்கள்.

அப்புறம், மாசி, அதாவது காயவைத்த சூரை மீன், வாங்க விமான நிலையம் வரை காத்திருக்காதீர்கள். மாலே மீன் சந்தைக்குப் பக்கத்துச் சந்தையிலேயே கிடைக்கும். ஹிகிமஸ் என்று கேளுங்கள். தட்டினால் மரக்கட்டை போலச் சத்தம் வர வேண்டும். அழுத்தினால் அமுங்குவது சரியாகக் காயாதது. இரண்டு கவர் போட்டுக் கட்டுங்கள், இல்லாவிட்டால் பெட்டியில் இருக்கும் துணியெல்லாம் மணக்கும்.