எடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழைக்கு முன் காரில் பார்க்க வேண்டியவை

மார்த்தாண்டத்திலோ களியக்காவிளையிலோ கார் ஓட்டுபவருக்குக் கடல் எங்கோ தள்ளி இருப்பதாகத் தோன்றும். ஆனால் ரோட்டில் சொட்டிய ஆயில், தேய்ந்த டயர்த் தூள், பிரேக்கில் உதிரும் உலோகத் துகள் எல்லாம் மழைநீரோடு ஓடைகளில் இறங்கி, குழித்துறைத் தாமிரபரணி வழியே தேங்காய்பட்டணத்தில் கடலில் கலக்கின்றன. கோடை முழுக்கப் படிந்த அழுக்கைப் பெருமளவு வாரிக்கொண்டு போவது முதல் மழைதான். அதனால் மே மாதமே கீழே சொல்வதையெல்லாம் முடித்துவிடுங்கள்.

படி 1: வண்டி நிற்கும் இடத்தில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். ரோட்டு ஓடைக்கு ஓடுகிறதா, மண்ணில் சுவறுகிறதா என்பது தெரிந்துவிடும்.

படி 2: இதுதான் முக்கியம். இரவில் எஞ்சினுக்கு அடியில் பழைய அட்டைப்பெட்டியை விரித்துப் போடுங்கள். காலையில் கறுப்போ பழுப்போ சொட்டியிருந்தால் எஞ்சின் ஆயில். சிவப்பு என்றால் பெரும்பாலும் கியர் அல்லது ஸ்டியரிங் ஆயில். பச்சை, இளஞ்சிவப்பு நிறத்தில் இருந்தால் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட். அது இனிக்கும், நாய் நக்கினால் செத்துப்போகும், உடனே துடைத்துவிடுங்கள். நிறமில்லாத தண்ணீர் ஏசியில் இருந்து வருவது, பயமில்லை.

கசிவைச் சின்னதாக நினைக்காதீர்கள். குளச்சல், இனயம் பாறைகளில் ஒட்டி வளரும் சிப்பி நாளெல்லாம் கடல்நீரை வடிகட்டித்தான் உயிர் வாழ்கிறது. ஆயிலில் உள்ள நச்சுகளை மீனைப்போல உடைத்து வெளியேற்ற அதற்கு அவ்வளவாக முடியாது, உடம்பிலேயே தங்கிவிடும். அதைத்தான் நாம் ஆசையாக வாங்கிச் சமைக்கிறோம்.

படி 3: சிந்திய ஆயிலைத் தண்ணீர் அடித்துக் கழுவாதீர்கள். மர மில்லில் மரத்தூள் வாங்கித் தூவி, ஊறியபின் பெருக்கி எடுங்கள். அந்தத் தூள் எளிதில் தீப்பிடிக்கும், அடுப்புப் பக்கம் வைக்காதீர்கள்.

படி 4: ஆற்றுக் கடவிலும் குளத்திலும் வண்டி கழுவும் வழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். சோப்பு நீர் மீனின் செவுளை அரிக்கும், எந்தக் கம்பெனி சோப்பானாலும். கிணற்றை விட்டு விலகி, புல்தரையில் நிறுத்தி, வாளியும் துணியும் வைத்துக் கழுவினால் போதும்.

படி 5: டயர் காற்றை மாதம் ஒருமுறை பாருங்கள், அளவு டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும். காற்றுக் குறைந்தால் டயர் சீக்கிரம் தேயும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் மழை பெய்தாலே ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்கள் முட்டையிடும் முன்பே செத்தன. டயரில் சேர்க்கும் 6பிபிடி என்ற வேதிப்பொருள் ஓசோனோடு சேர்ந்து மாறி உண்டாகும் நஞ்சுதான் காரணம் என்று 2020இல் கண்டுபிடித்தார்கள். நம் டயர்களிலும் இந்த வகை வேதிப்பொருளைச் சேர்ப்பது வழக்கம்தான்.

படி 6: ஆயில் மாற்றும்போது பழைய ஆயில் எங்கே போகிறது என்று ஒர்க்ஷாப்பில் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் அபாயகரமான கழிவு மேலாண்மை விதிகளின்படி அது அபாயகரமான கழிவு. அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் போக வேண்டும். நேரான பதில் வராவிட்டால் வேறு ஒர்க்ஷாப் பாருங்கள்.