‘ஏன் எதிர்த்து நிற்கவில்லை?’ என்று மாணவர் கேட்டால்

நாஜிக்கள் யூதர்களைக் கொன்றொழித்த வரலாற்றைப் பாடமாக எடுத்தால், யாராவது ஒரு மாணவர் இதைக் கேட்டே தீருவார். கேட்டவரைக் கடிந்துகொள்ள வேண்டாம். போலந்துத் தலைநகர் வார்சாவில் யூதர்கள் ஆயுதம் ஏந்திய எழுச்சியின் தேதியைச் சொல்லி வாயடைக்கவும் வேண்டாம். பல ஆண்டுகள் நான் அதைத்தான் செய்தேன். துப்பாக்கி ஏந்தியவர் மட்டுமே எதிர்த்தவர் என்ற எண்ணத்தோடு பிள்ளைகள் வீட்டுக்குப் போனார்கள்.

ஒரே ஓர் ஊரிலிருந்து தொடங்குங்கள். நான் எடுத்துக்கொள்வது நோவோகுருடோக். இன்றைய பெலாரஸில் இருக்கிறது. 1943 மே மாதம் அங்கே இன்னொரு படுகொலை நடந்தபின் எஞ்சியவர்கள் சுமார் 250 பேர். பட்டறை வேலைக்கு ஆள் தேவை என்பதால் மட்டுமே உயிரோடு விடப்பட்ட கைவினைஞர்கள் அவர்கள். தங்கியிருந்த கட்டடத்துக்கு அடியிலிருந்து வேலிக்கு அப்பால் வரை ஏறக்குறைய 200 மீட்டர் சுரங்கம் தோண்டினார்கள்.

இங்கே அவசரப்படாதீர்கள். தோண்டிய மண் எங்கே போயிற்று என்று வகுப்பைக் கேளுங்கள். வெளியே கொட்டினால் காவலர் கண்ணில் படும். பரணிலும், புதிதாக எழுப்பிய போலிச் சுவர்களுக்குப் பின்னாலும் அடைத்தார்கள். மண் சரியாமலிருக்கத் தச்சர்கள் பலகையால் முட்டுக் கொடுத்தார்கள். சுரங்கத்துக்குள் மின்விளக்கும் எரிந்தது. செப்டம்பர் 26 இரவு, மழையிலும் காற்றிலும், தேடுவிளக்குகளின் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு ஒருவர் பின் ஒருவராக ஊர்ந்து போனார்கள். வெளிச்சத்திலிருந்து கும்மிருட்டுக்குள் வந்ததால் திசை தெரியாமல் சிலர் காவலர் பக்கமே ஓடிச் சுடப்பட்டார்கள். அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். மூன்றில் இரண்டு பங்கினர் தப்பினார்கள்.

நடித்துக் காட்டச் சொல்லாதீர்கள். நான் ஒருமுறை பிள்ளைகளைப் பெஞ்சுக்கு அடியில் ஊர்ந்து போகச் சொன்னேன். இருவர் சிரித்தார்கள், ஒருத்தி அழுதுவிட்டாள். மூவருக்கும் நான் அநியாயம் செய்துவிட்டேன்.

அடுத்து, தப்பியவர்களில் பலர் போய்ச் சேர்ந்த நலிபோக்கி காடு. பெற்றோரை 1941 டிசம்பரில் பறிகொடுத்த பியெல்ஸ்கி சகோதரர்கள் அங்கே முகாம் நடத்தினார்கள். ஆயுதம் உண்டா, வயது என்ன என்று பார்க்காமல் முதியவர், குழந்தை என எல்லா யூதரையும் தூவியா பியெல்ஸ்கி சேர்த்துக்கொண்டார். காட்டுக்குள் செருப்புத் தைப்பவருக்கு என்ன வேலை என்று மாணவர்களைக் கேளுங்கள். மாவு ஆலை, ரொட்டி அடுப்பு, தையல், துப்பாக்கி பழுதுபார்ப்பு எல்லாம் அங்கே நடந்தன. சோவியத் கெரில்லாக்களுக்கும் அந்தக் கைகள் தேவைப்பட்டன. 1944 கோடையில் 1,200 பேருக்கு மேல் உயிரோடு வெளியே வந்தார்கள்.

இதன் பிறகுதான் நாஜிக்களின் பழிவாங்கலைப் பேச வேண்டும். ஒருவர் சுட்டால் ஊரே சாகும் என்ற நிலை அது. வில்னாவில் (இன்றைய லிதுவேனியாவின் வில்னியஸ்), யூதர்களை அடைத்து வைத்திருந்த பகுதியான கெட்டோவில் 1943 ஜூலையில், ஆயுதக் குழுவின் தலைவர் இட்சிக் விட்டன்பெர்க்கை ஒப்படைக்காவிட்டால் கெட்டோவையே அழிப்போம் என்றார்கள் ஜெர்மானியர்கள். அவர் தாமே சரணடைந்தார், காவலிலேயே இறந்தார். அவர் செய்தது சரியா என்று வாக்கெடுப்பு நடத்தாதீர்கள். சற்று நேரம் வகுப்பு அமைதியாக இருக்கட்டும்.

வார்சாவுக்கு இப்போது வரலாம். 1942 ஜூலை 22 முதல் செப்டம்பர் 12 வரை அங்கிருந்து சுமார் 2,65,000 பேரை டிரெப்ளிங்கா கொலை முகாமுக்கு அனுப்பிக் கொன்றார்கள். எஞ்சியவர்களில் பலர் குடும்பத்தை இழந்த இளைஞர்கள். தன்னால் தாய்க்கு ஆபத்து வருமே என்று அஞ்ச, தாய் இல்லை. இதைச் சொன்ன பிறகு எழுச்சி தொடங்கிய நாளைப் பலகையில் எழுதுங்கள்: 1943 ஏப்ரல் 19. கைத்துப்பாக்கி, கையெறி குண்டு, பெட்ரோல் பாட்டில், இருபதுகளில் இருந்த மொர்தெகாய் அனிலெவிச் என்ற தலைவர். எதிரே பீரங்கி வண்டிகள். கட்டடம் கட்டடமாகக் கொளுத்தித்தான் ஜெர்மானியர்களால் அவர்களை அடக்க முடிந்தது. அதற்கே ஏறக்குறைய ஒரு மாதம் ஆயிற்று.