பழங்குடியினர் கூட்டுறவு தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழங்குடி மக்களுக்கென்று ஒரு கூட்டுறவுச் சங்கத்தையோ உற்பத்தியாளர் நிறுவனத்தையோ தொடங்க முனைவோர் பெரும்பாலும் பதிவு அலுவலகத்திலிருந்தே வேலையை ஆரம்பிக்கிறார்கள். துணை விதிகள் எழுதப்படுகின்றன, பங்குத்தொகை வசூலாகிறது, பெயர்ப்பலகையும் ஏறிவிடுகிறது. காட்டில் யார் எதைச் சேகரிக்கிறார், தேன் எடுக்கும் எந்தப் பாறை எந்தக் குடும்பத்துக்கு உரியது, மழைக்காலத்தில் கடன் யாரிடம் வாங்கப்படுகிறது என்ற கேள்விகள் அதற்குப் பிறகுதான் எழுகின்றன. இந்த வரிசை புரண்டுபோவதே மற்றத் தவறுகள் பலவற்றுக்கும் வேர் என்று கருதுகிறேன்.

காணிக்காரர் என்னும் மலைப் பழங்குடியினரின் அனுபவம் இதற்குத் தெளிவான சான்று. 1987-இல் தென்கேரளத்தின் அகத்தியமலைக் காடுகளுக்கு ஆய்வுக்குச் சென்ற அறிவியலாளர்கள், வழிகாட்டிகளாக வந்த காணிக்காரர்கள் களைப்பே தெரியாமல் நடப்பதைக் கண்டு காரணம் கேட்டபோது, ஆரோக்கியப்பச்சை என்னும் செடியைப் பற்றி அறிந்தார்கள். அந்த அறிவைக் கொண்டு பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கி, 1990-களின் நடுவில் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய மருந்தகத்துக்கு 10 லட்சம் ரூபாய்க்கும் விற்பனையில் 2 சதவீதத்துக்கும் தயாரிப்பு உரிமம் வழங்கியது. வருவாயில் பாதி காணிக்காரர்களுக்கு என்று முடிவாயிற்று. அறிவுக்கு உரியவர்களுக்குப் பங்கு தருவது அப்போது உலகிலேயே அரிய செயல் என்பதை மறுக்க முடியாது. ஆனால் பங்கைப் பெற்றுக்கொள்ள அவர்களுக்கென்று ஓர் அமைப்பு அன்று இருக்கவில்லை. அவர்களுக்கான அறக்கட்டளை 1997-இல்தான் பதிவாயிற்று. பணம் 1999-இல்தான் கைக்கு வந்தது. பேரம் முடிந்த பிறகு பிறந்த அமைப்பால் பேரத்தின் எந்த வரியையும் மாற்ற முடியவில்லை. அறக்கட்டளையில் இடம்பெற்றது ஒரு பகுதியினரே என்று மற்ற ஊராட்சிகளின் காணிக்காரர்கள் மனக்குறை கொண்டார்கள். செடியைக் காட்டிலிருந்து எடுப்பதற்கு வனத்துறையும் மறுப்புத் தெரிவித்ததால், மருந்துக்கு மூலப்பொருள் கிடைப்பதே சிக்கலாயிற்று. முதலில் அமைப்பு, பிறகு காட்டின்மீது உரிமை, அதன் பிறகே ஒப்பந்தம் என்று நடந்திருந்தால் இவற்றில் பாதியாவது தவிர்க்கப்பட்டிருக்கும்.

‘சமூகம்’ என்ற ஒற்றைச் சொல்லை நம்பி ஏமாறுவது அடுத்த தவறு. நீலகிரிக் குறும்பர்கள் மலைத்தேன் எடுக்கும்போது, பாறையில் தொங்குபவரின் கயிற்றை அவருடைய மனைவியின் சகோதரன் பிடிப்பது வழக்கம். தன் உடன்பிறந்தவளைக் கைம்பெண்ணாக்க எவனும் துணியமாட்டான் என்பது அதன் நியாயம். இந்த ஒரு கயிற்றிலேயே உறவு, உரிமை, பொறுப்பு ஆகிய மூன்றும் முடிச்சிட்டிருக்கின்றன. சங்கத்தின் உறுப்பினர் பதிவேடோ தேனை நிறுத்துக் கொடுத்தவரின் பெயரை மட்டும் எழுதிக்கொள்ளும். கயிறு பிடித்தவரும், பாறைமீது வழிவழியாக உரிமையுள்ள குலமும், தேனடையைப் பிழிந்து வடித்த பெண்களும் அதில் காணாமல் போவார்கள். உறுப்பினர் யார் என்பதை ஊர் கூடி முடிவு செய்ய வேண்டும். படிவம் முடிவு செய்யக் கூடாது.

பணம் கைக்கு வரும் நாளைக் கவனிக்காதது பல சங்கங்களைச் சத்தமில்லாமல் கொன்றிருக்கிறது. வியாபாரி குறைந்த விலைதான் தருகிறார், எடையிலும் ஏமாற்றுகிறார். ஆயினும் அவர் அன்றைக்கே தருகிறார், வேலையில்லாத மாதங்களில் முன்பணமும் தருகிறார். சங்கம் கிலோவுக்கு இருபது ரூபாய் கூடுதலாக அறிவித்துவிட்டு, சரக்கு விற்று முடிந்த பிறகே பணம் என்றால், அரிசி வாங்க வேண்டியவர் எங்கே போவார் என்பதை ஊகிக்கப் பெரிய பொருளாதார அறிவு தேவையில்லை. முதல் பருவத்தில் வாங்கப்போகும் சரக்கு முழுவதற்கும் ரொக்கம் கையில் இல்லாதவரை கொள்முதலைத் தொடங்காமல் இருப்பதே நல்லது.

புதுத் தொழில் கற்பிக்கும் ஆசையையும் அடக்கிக்கொள்ள வேண்டும். மெழுகுவர்த்தியும் தையலும் கற்றுத்தரப் புறப்படுவோர், செங்கல்பட்டுக் கடற்கரையில் வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குள் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம். பாம்புத்தோல் வணிகத்துக்காகப் பாம்பு பிடித்துவந்த இருளர்களின் பிழைப்பு, 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்கும் அதைத் தொடர்ந்த தடைகளுக்கும் பிறகு நின்றுபோனது. 1978-இல் ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் துணையுடன் அவர்கள் அமைத்த சங்கம், அவர்களிடம் ஏற்கெனவே இருந்த திறமையையே மூலதனமாக்கியது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் உயிரோடு பிடித்துவந்து மண்பானைகளில் வைத்து, சில வார இடைவெளிக்குள் நான்கு முறை நஞ்செடுத்து, அடையாளத்துக்காக வயிற்றுச் செதிலைக் கத்தரித்துவிட்டு மீண்டும் காட்டிலேயே விடுகிறார்கள். செதில் கத்தரிக்கப்பட்ட பாம்பு மறுபடி அகப்பட்டால் அதை யாரும் எடுத்துவரக் கூடாது. வளத்தைக் காப்பது தனிப் பிரச்சாரமாக இல்லாமல் வேலையின் முறையிலேயே கலந்திருப்பது இதன் சிறப்பு. பாம்புக்கடி மருந்து தயாரிப்போருக்கு இந்த நஞ்சு நெடுங்காலமாக முக்கிய ஆதாரமாக இருந்துவருகிறது.

இதே சங்கம் ஓர் எச்சரிக்கையும் தருகிறது. ஆண்டுக்கு எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதை அரசின் அனுமதிதான் வரையறுக்கிறது. அனுமதி தாமதமானால் பானைகள் காலியாகின்றன. ஒரே ஊர்ப் பாம்புகளின் நஞ்சிலிருந்து செய்த மருந்து நாடு முழுவதற்கும் பொருந்தாது என்று அறிவியலாளர்கள் சுட்டிக்காட்டுவதும் சந்தையைப் பாதிக்கக்கூடியது. ஒரு பொருள், சில வாங்குநர், ஓர் அனுமதி என்ற நிலையில் எவ்வளவு சிறந்த சங்கமும் பலவீனமானதே. ஆகவே இரண்டாவது வருவாயை முதல் வருவாய் நன்றாக இருக்கும்போதே தேட வேண்டும்.

சட்டத்தைப் படிக்காமல் பழைய வழக்கப்படி அனுமதிக்குக் காத்திருப்பதும் பரவலான தவறு. 2006 வன உரிமைச் சட்டம் தேன், மெழுகு, மூங்கில், கிழங்கு, மூலிகை போன்ற சிறு வனப்பொருட்களின் உடைமையைக் காட்டில் வாழ்வோருக்கே அளிக்கிறது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மேண்டா லேகா கிராமம் 2009-இல் ஏறக்குறைய 1,800 ஹெக்டேர் காட்டுக்குச் சமூக உரிமை பெற்றது. இருந்தும், மூங்கிலை வெளியே கொண்டுசெல்லும் அனுமதிச் சீட்டை வனத்துறை தர மறுத்தது. 2011 ஏப்ரலில் அன்றைய மத்திய சுற்றுச்சூழல், வனத்துறை அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நேரில் வந்து சீட்டுப் புத்தகத்தைக் கிராம சபையிடம் ஒப்படைத்த பிறகே அவர்களால் மூங்கிலை விற்க முடிந்தது. பட்டா இருந்தும் சீட்டு இல்லாவிட்டால் சரக்கு சோதனைச்சாவடியைத் தாண்டாது என்பதால், கொள்முதல் விலை பேசுவதற்கு முன்பே கிராம சபையின் தீர்மானமும் சீட்டு வழங்கும் குழுவும் தயாராக இருக்க வேண்டும்.

சங்கமா, உற்பத்தியாளர் நிறுவனமா என்ற விவாதத்துக்குத் தேவைக்கு மேல் நேரம் செலவாகிறது. சங்கத்தில் அரசுத் தலையீடு அதிகம். நிறுவனத்தில் கணக்குத் தாக்கல் செய்யும் சுமை அதிகம். இரண்டிலும் ஆளுக்கு ஒரு வாக்குத்தான். சாவி யாரிடம் இருக்கிறது என்பதுதான் பெரிய கேள்வி: கணக்கு எழுதுபவரும் கையொப்பமிடுபவரும் வெளியூர்க்காரர்களாக இருந்தால், எந்தச் சட்டத்தின் கீழ் பதிவு செய்தாலும் உரிமையாளர்கள் கூலிக்காரர்களாகவே இருப்பார்கள். பேரவைக் கூட்டத்தில் அச்சிட்ட இருப்புநிலைக் குறிப்பை நீட்டுவதற்குப் பதிலாக, பருவம் முடிந்த ஒரு மாலையில் குடியிருப்புக்கே போய், எத்தனை கிலோ வந்தது, என்ன விலைக்கு விற்றது, யாருக்கு எவ்வளவு முன்பணம் நிற்கிறது, வண்டிக்கு எவ்வளவு போயிற்று என்பவற்றை அவர்கள் பேசும் மொழியில் உரக்கப் படித்து, கேள்வி வரும்வரை காத்திருக்க வேண்டும்.