உறவினரின் மரணத்தில் சந்தேகமா? விசாரணையைக் கேட்டு வாங்குவது எப்படி

காவலிலோ சிறையிலோ பாதுகாப்புப் படையின் துப்பாக்கிச் சூட்டிலோ ஒருவர் இறந்திருக்கிறார், அதிகாரிகளோ "முதலில் புகார் கொடுங்கள், அப்புறம் பார்க்கலாம்" என்கிறார்கள். அதை ஏற்காதீர்கள். இப்படியொரு மரணம் அரசுக்குத் தெரிந்த உடனேயே விசாரிக்கும் கடமை வந்துவிடுகிறது. 1991இல் வெளியாகி 2016இல் திருத்தப்பட்ட ஐ.நா.வின் மினசோட்டா நெறிமுறை இதைத்தான் சொல்கிறது. நெறிமுறை ஒப்பந்தம் அல்ல, ஆனால் அரசுகள் ஒப்பந்தங்களில் ஏற்றுக்கொண்ட உயிர்வாழும் உரிமையை நடைமுறையில் எப்படிக் காப்பது என்று விளக்கும் ஆவணம்.

படி 1: உடல்
இதுதான் அவசரம். பிரேதப் பரிசோதனையில் உங்கள் சார்பில் ஒரு மருத்துவர் உடனிருக்க வேண்டும் என்று உடனே எழுத்தில் கேளுங்கள், அந்த உரிமை குடும்பத்துக்கு உண்டு. காயங்களைப் படமெடுக்க வேண்டும், உடைகளைப் பத்திரப்படுத்த வேண்டும் என்றும் அதிலேயே சேருங்கள். முடிந்தவரை தகனம் வேண்டாம். புதைத்த உடலைத் தோண்டி எடுத்து மறுபரிசோதனை செய்யலாம், எரித்துவிட்டால் அந்த வழி போயிற்று. யாராவது சீக்கிரம் முடித்துவிடச் சொல்லி நெருக்கினால், சொன்னவர் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: கடிதம்
சிசிடிவி பதிவுகள் சில நாட்களிலேயே தானாக அழிந்துவிடக்கூடும். அவற்றையும் பணிப் பதிவேடுகளையும் அழிக்காமல் வைக்கும்படி முதல் கடிதத்திலேயே கேட்டு, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை நகலில் வாங்குங்கள். வாய்மொழி உறுதியை நம்பி உட்காராதீர்கள்.

படி 3: விசாரிப்பவர் யார்?
சம்பந்தப்பட்டவர்களின் சக ஊழியர்களே விசாரித்தால் ஆட்சேபியுங்கள். ஜிப்ரால்டரில் பிரிட்டிஷ் வீரர்கள் மூவரைச் சுட்டுக் கொன்ற மெக்கான் வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1995இல், பலத்தைப் பயன்படுத்திக் கொன்றால் முறையான விசாரணை கட்டாயம் என்றது. 2001இல், வட அயர்லாந்தில் காவலர் சுட்டு இறந்த ஜோர்டன் என்பவரின் வழக்கில், அப்படிப்பட்ட விசாரணையின் அளவுகோல்களையும் விரித்துச் சொன்னது: சுதந்திரமான விசாரணை, தாமதமின்மை, பொதுமக்கள் பார்வைக்கு இடம், குடும்பத்தின் பங்கேற்பு. உங்கள் நாடு அந்த நீதிமன்றத்தின் வரம்புக்குள் வராவிட்டாலும் ஆட்சேப மனுவை இந்த நான்கையும் வைத்தே எழுதலாம்.

படி 4: விடாமல் கேட்பது
எந்தச் சாட்சியை விசாரிக்க வேண்டும் என்று நீங்களே சொல்லலாம், ஆதாரம் கொடுக்கலாம், முன்னேற்றம் என்ன என்று கேட்கலாம். சரி, தண்டனை கிடைக்குமா? அதற்கு உத்தரவாதம் இல்லை. உண்மையைக் கண்டுபிடிக்கும் அளவுக்கு விசாரணை இருந்ததா என்பதுதான் அளவுகோல். உள்ளூரில் கதவுகள் அடைபட்டால், சட்டவிரோதக் கொலைகள் குறித்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளருக்கு (ஐ.நா. நியமிக்கும் சுதந்திர நிபுணர்) எழுதலாம். உள்நாட்டு வழக்கு முடியும்வரை அதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை.