பூனைக்கு வருத்தமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது

கறுவல் என்று ஒரு கடுவன் எங்களிடம் இருந்தான். மூன்று வயது. ஒருநாள் காலை, மதில் கட்டப் பறித்து வைத்திருந்த மணல் கும்பிக்குப் போய்க் குந்தினான், எழும்பினான், நாலடி தள்ளிப்போய்த் திரும்பவும் குந்தினான். நான் விறாந்தையில் மெசினில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். தையல்தான் என் தொழில். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் வீட்டோடு சேர்ந்த சின்னக் கடை. பக்கத்து வீட்டு மாமி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "பிள்ளை, அவனுக்கு மலம் இறுகிப்போச்சு. கொஞ்சம் நல்லெண்ணெய் பருக்கிவிடு" என்றார். பருக்கினேன். மத்தியானம் முழுக்கப் பின்காலுக்கு நடுவில் நக்கிக்கொண்டே இருந்தான். பின்னேரம் கத்தினான். அடுத்த நாள் சத்தி எடுத்துவிட்டுக் கட்டிலுக்குக் கீழே போய்ப் படுத்தவனை இழுத்தெடுத்து ஓட்டோவில் கொண்டுபோனோம். மிருக வைத்தியர் வயிற்றைத் தொட்டவுடனே சொன்னார்: "அம்மா, இது மலம் இல்லை. சலம் அடைச்சிருக்கு. சலப்பை தோடம்பழம் மாதிரி இருக்கு." குழாய் போட்டுப் பார்த்தார். அன்றிரவே கறுவல் போய்விட்டான்.

அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். கடுவன் பூனை திரும்பத் திரும்பக் குந்துகிறது, சலம் சொட்டுச் சொட்டாகத்தான் போகிறது அல்லது போகவே இல்லை என்றால், விடியட்டும் என்று பொறுக்கக்கூடாது. கடுவனின் சலக்குழாய் மிகவும் ஒடுக்கம். பளிங்குத் துகளும் சளியும் சேர்ந்து அதை அடைத்துவிடும். அடைத்தால் வெளியேற வேண்டிய கழிவும் பொட்டாசியமும் இரத்தத்தில் ஏறி, ஒன்றிரண்டு நாளில் இதயத்தையே நிறுத்திவிடும். நலமடித்த கடுவனுக்கும் இது வரும். மலமா சலமா என்று குழம்பினால் குந்திய இடத்து மணலைக் கிளறிப் பாருங்கள். ஈரம் இல்லையென்றால் எண்ணெய்ப் போத்தலைத் தேடாமல் ஓட்டோவைக் கூப்பிடுங்கள். வயிற்றை நீங்களே அமுக்கிப் பார்க்கவும் வேண்டாம். பெட்டைக்கு முழுதாக அடைப்பது அரிது. ஆனால் சலத்தில் இரத்தம் கண்டாலோ அடிக்கடி குந்தினாலோ அவளையும் காட்டத்தான் வேண்டும்.

எங்கள் ஊரில் ஒரு சிக்கல் இருக்கிறது. பூனை நாலு வளவு தாண்டி எங்கேயோ போய்விட்டு வரும். சலம் போனதா இல்லையா என்று யாருக்குத் தெரியும்? கறுவலுக்குப் பிறகு குசினி மூலையில் ஒரு பழைய பிளாஸ்ரிக் பேசினில் மணல் போட்டு வைத்திருக்கிறேன். இரவில் பூனைகள் உள்ளே. காலையில் பேசினைக் கிளறினால் போதும், எத்தனை ஈரக் கட்டி, மலம் எப்படி என்று எல்லாம் தெரிந்துவிடும்.

பூனை தன் வருத்தத்தை வாய்விட்டுச் சொல்லாது. எலியைப் பிடிக்கிற அதே பூனையை நாய் பிடிக்கும், பெரிய கடுவன் அடிக்கும். பலவீனத்தைக் காட்டினால் தனக்குத்தான் ஆபத்து என்று அதன் உடம்புக்குத் தெரியும். எனவே முனகலையும் நொண்டலையும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தால் பிந்திவிடுவோம். பார்க்க வேண்டியது வழக்கம் எங்கே மாறியிருக்கிறது என்பதை. காலை ஒன்பது மணிக்கு எங்கள் ஒழுங்கைக்குள் மீன்காரரின் ஹோர்ன் கேட்டதும் வீட்டுப் பூனைகள் எல்லாம் படலைக்கு ஓடும். ஹோர்ன் கேட்டும் எழும்பாத பூனையைக் கண்டால் நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிடுவேன். மதிலுக்கு ஒரே பாய்ச்சலில் ஏறுகிறவள் முதலில் கதிரையில் ஏறி அங்கிருந்து பாய்கிறாள் என்றால் காலோ இடுப்போ நோகிறது. மடியை விட்டு இறங்காதவன் அலுமாரிக்குப் பின்னால் போய் ஒளிகிறான், கிட்ட வராதவன் திடீரென்று மடியை விடமாட்டேன் என்கிறான் – இரண்டும் ஒன்றுதான். முதுகு மயிர் கற்றை கற்றையாகப் பிரிந்து பொடுகு தெரிந்தால் நக்கித் துப்புரவாக்குவதை விட்டுவிட்டது என்று அர்த்தம். முதுகைக் கூனி, தலையைத் தாழ்த்தி, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு இருப்பது சும்மா சோம்பல் இல்லை. இன்னொன்று: 'குர்ர்' என்று உறுமினால் சந்தோஷம் என்று நினைக்கிறோம். நோவிலும் பூனை உறுமும். கறுவல் அந்த ஓட்டோவுக்குள் என் மடியில் உறுமிக்கொண்டுதான் வந்தான்.

சந்தேகம் வந்தால் கையால் பார்க்கக்கூடியவை சில உண்டு. பூனை சுகமாக இருக்கும் நாட்களிலேயே இவற்றைப் பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள். சுகமான நிறம் எது என்று தெரியாதவருக்கு மாறிய நிறம் தெரியாது. மேலுதட்டைத் தூக்கி முரசைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்கவேண்டும். விரலால் அமத்தி விட்டால் வெளுத்த இடம் இரண்டு செக்கனுக்குள் திரும்பச் சிவக்க வேண்டும். வெளிறியிருந்தால் இரத்தம் குறைவு, மஞ்சள் என்றால் செங்கமாரி, நீலமோ மண்ணிறமோ என்றால் ஒரு நிமிடமும் மினக்கெட வேண்டாம். சில பூனைகளுக்கு முரசிலேயே கறுப்பு இருக்கும். அவற்றுக்கு நாக்கைப் பார்க்கலாம். கண்ணின் உள்மூலையில் ஒரு வெள்ளைச் சவ்வு இருக்கிறது. அது இரண்டு கண்ணிலும் பாதிவரை ஏறி நின்றால் உடம்பு எங்கேயோ சரியில்லை. தோளுக்கு மேல் தோலைக் கிள்ளித் தூக்கி விடுங்கள். கூடாரம் மாதிரி நின்று மெதுவாக இறங்கினால் உடம்பில் தண்ணீர் குறைந்திருக்கிறது. வயதான, மெலிந்த பூனைக்கு இந்தச் சோதனை அவ்வளவு சரிவராது.

மூச்சை நித்திரையில் எண்ணுங்கள். விலா ஒருமுறை ஏறி இறங்கினால் ஒன்று. முப்பது செக்கன் எண்ணி இரண்டால் பெருக்கினால் நிமிடக் கணக்கு. முப்பதுக்குள் இருந்தால் நல்லது. நித்திரையிலும் தொடர்ந்து முப்பதுக்கு மேல் போனால் வைத்தியரிடம். நாய் மாதிரி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், சித்திரை வெயில் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு நிற்காதீர்கள், உடனே போகவேண்டும்.

மூக்கு காய்ந்தால் காய்ச்சல் என்பதை விட்டுவிடுங்கள். வெயிலில் படுத்தெழும்பினாலே மூக்கு காயும். வெப்பமானிதான் சரி. வாசலின் பூசி, ஆசனவாயில் வைத்து, இன்னொருவர் பிடித்துக்கொள்ள எடுக்கவேண்டும். பூனைக்கு 38.1 முதல் 39.2 பாகை செல்சியஸ் வரை சாதாரணம். பரனைற்றில் 100.5 முதல் 102.5. எங்களுக்குக் காய்ச்சலான 101 அதற்குச் சுகம். பிராண்டிக் குதறினால் விட்டுவிடுங்கள், வைத்தியர் எடுப்பார்.

சாப்பாடு. ஒரு முழுநாள் ஒன்றும் தொடாத பூனையை அடுத்த நாளும் 'பசித்தால் தின்னும்' என்று விடக்கூடாது, அதுவும் கொழுத்த பூனையை. பட்டினியில் உடம்புக் கொழுப்பு எல்லாம் ஈரலில் போய்ச் சேர்ந்து ஈரலே கெட்டுவிடும். குட்டிக்கு அரை நாளே அதிகம். கிண்ணத்துக்கு ஆசையாக வந்து, மணந்து பார்த்து, பின்வாங்கினால் வாய்க்குள் பாருங்கள்: பல், முரசு, நாக்கில் புண், குத்தி நிற்கும் முள். வீணி வடிவதும் வாய் நாறுவதும் அதே கதைதான். மீன் என்றதும் ஒன்று. சூடை, நெத்தலி போன்றவற்றைப் பச்சையாகவே நாளாந்தம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பச்சை மீனில் உள்ள ஒரு நொதியம் விற்றமின் பி1ஐ அழித்துவிடும். கிழமைக்கணக்கில் அப்படியே தின்ற பூனை தலையை நெஞ்சோடு கவிழ்த்துக்கொண்டு தள்ளாடும், பிறகு வலிப்பும் வரும். அவித்து முள் எடுத்துப் போடுங்கள், சோளகம் பெயர்ந்து மீன் விலை ஏறும் நாட்களில் கோழி ஈரலும் இறைச்சியும் மாறி மாறிக் கொடுங்கள்.

அதிகம் தின்பதும் குடிப்பதும்கூட அறிகுறிதான். மணி என்ற எங்கள் கிழவிக்குப் பதினான்கு வயது. போன வருடம் கிணற்றடி வாளியில் இருந்து தலையை எடுக்கமாட்டாள். பாவம், வெக்கை என்று நான் நினைத்தேன். என்னைக் காட்டிக்கொடுத்தது கொப்பி. வாடிக்கைக்காரரின் மார்பளவு, இடுப்பளவு எழுதுகிற கொப்பியின் கடைசிப் பக்கங்களில் பூனைகளின் நிறையை எழுதிவைப்பேன். துணிப்பை ஒன்று தைத்து, பூனையை உள்ளே விட்டு, கொளுவுகிற தராசில் தூக்கிப் பார்ப்பது, மாதத்துக்கு ஒருமுறை. மணி தையில் 3.8 கிலோ. வைகாசியில் 3.3. அரைக் கிலோதானே என்று தோன்றும். அறுபது கிலோ ஆளுக்கு அது எட்டுக் கிலோ மெலிந்த மாதிரி. கண்ணுக்கு மயிர் மறைத்துவிடும், தராசுக்கு மறைக்காது. இரத்தம் சோதித்ததில் சிறுநீரகம். வயதான பூனை நிறையக் குடித்து, நிறையச் சலம் போய், மெலிந்தால் சிறுநீரகத்தையோ நீரிழிவையோ பார்க்கவேண்டும். நன்றாகத் தின்றும் மெலிந்தால் தைரொயிட் என்ற கழுத்துச் சுரப்பியையும் பார்க்கவேண்டும். கருப்பை எடுக்காத பெட்டை திடீரென்று தண்ணீராகக் குடித்து, வயிறு வீங்கி, பின்பக்கம் சீழ் வடிந்தால் கருப்பையில் சீழ் கட்டியிருக்கலாம். அது அவசரம். சீழ் உள்ளேயே நின்று ஒன்றும் வடியாமலும் இருக்கும், அது இன்னும் மோசம்.

சத்தி எப்போதாவது ஒருமுறை, புல்லும் மயிர் உருண்டையுமாக வந்தால் பயப்பட ஒன்றும் இல்லை. ஒரே நாளில் மூன்று நாலு தரம், சாப்பாடும் இல்லை என்றால் பயப்படுங்கள். தையல்காரி வீட்டில் இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. புள்ளி என்ற எங்கள் பெட்டை இரண்டு வயதில் விடாமல் சத்தி எடுத்தாள். வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிப் பார்த்தால், நாக்கின் அடியில் நீல நூல் ஒன்று சுற்றி இறுகி, மற்ற நுனி தொண்டைக்குள் போயிருந்தது. இழுக்கக் கை போய்விட்டது. நல்லகாலம், முதலில் தொலைபேசியில் கேட்டேன். "அக்கா, தொடவேண்டாம். அப்படியே கொண்டுவாங்கோ" என்றார் அந்த டொக்டர் பிள்ளை. ஒரு நுனி நாக்கில் மாட்டி நிற்க, மற்றது குடலுக்குள் போயிருக்கும். இழுத்தால் குடலை நூல் அரிந்துவிடும். பின்பக்கத்தால் நூல் தொங்கினாலும் இதே விதிதான். அறுவைச் சிகிச்சை செய்து எடுத்தார்கள். வயிற்றில் ஒன்பது தையல், நான் எண்ணினேன். என்னுடையதைவிட நேர். அன்றிலிருந்து நூற்கட்டைகள் எல்லாம் மூடியுள்ள பிஸ்கற் ரின்னுக்குள்.

சத்தி எடுப்பது போல் வயிற்றைத் தரையோடு ஒட்டி, கழுத்தை நீட்டி 'கக் கக்' என்று முயன்றும் ஒன்றும் வராவிட்டால் அது பெரும்பாலும் சத்தி இல்லை, இருமல். ஆஸ்மாவாக இருக்கலாம். அந்த அறையில் நுளம்புத்திரியும் சாம்பிராணியும் வேண்டாம்.

குட்டிகள் விஷயத்தில் பொறுத்துப் பார்க்கும் நேரத்தை எல்லாம் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். தடுப்பூசி போடாத குட்டி சத்தி, வயிற்றோட்டம், சோர்வுடன் தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேல் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு குடிக்காமல் இருந்தால் பன்லூக்கோபீனியா என்ற வைரசாக இருக்கலாம். ஒரு ஈற்றுக் குட்டிகள் முழுவதையும் சில நாளில் கொண்டுபோய்விடும். அந்தக் கிருமி வீட்டில் ஒரு வருடம் வரையும் கிடக்கும். சாதாரண சவர்க்காரம் போதாது, பிளீச் வேண்டும். ஆறு முதல் எட்டுக் கிழமையில் முதல் ஊசி, பிறகு மூன்று நாலு கிழமைக்கு ஒன்றாகப் பதினாறு கிழமை வரை. தும்மல், கண்ணில் பீளை, மூக்கடைப்பு என்றால் பூனைச் சளிக்காய்ச்சல். மணம் தெரியாவிட்டால் பூனை தின்னாது என்பதால் சாப்பாட்டை இளஞ்சூடாக்கி வையுங்கள்.

தோல் விஷயம் சுருக்கமாக. மயிருக்குள் கறுப்புத் தூள் இருந்தால் நனைத்த வெள்ளைத் துணியில் தட்டுங்கள். செம்மண்ணிறமாகக் கசிந்தால் தெள்ளின் எச்சம். ஆசனவாயைச் சுற்றி அரிசி மாதிரி ஒட்டியிருந்தால் நாடாப் புழு. காதுக்குள் கோப்பி மண்டி போலக் கறுப்பு இருந்தால் காதுச் சிற்றுண்ணி. வட்டமாக மயிர் கொட்டினால் படர்தாமரை. அது உங்கள் பிள்ளைகளுக்கும் தொற்றும்.

காய்ச்சல் என்று பனடோல் (பரசிற்றமோல்) கொடுத்துவிடாதீர்கள். ஒரு வில்லையே பூனையைக் கொல்லும். முரசு மண்ணிறமாகி, முகமும் பாதமும் வீங்கி, மூச்சுத் திணறும். அதை முறிக்கும் ஈரல் வசதி பூனைக்கு இல்லை. நாய்க்குப் பூசுகிற உண்ணி மருந்தில் பெர்மெத்திரின் இருந்தால் அதுவும் பூனைக்கு நஞ்சு. பூசிய சில மணி நேரத்தில் நடுங்கி வலிப்பு வரும்.

அமைதியான பூனை காரணமில்லாமல் பாய்ந்து கடித்து, வீணி வடிந்து, தாடை தொங்கினால் விசர் நோயை நினைக்கவேண்டும். கையால் தூக்காதீர்கள். கடித்தாலோ பிராண்டினாலோ காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அரச ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போடுங்கள். பூனைதானே என்று விடுகிறவர்கள் எங்கள் ஒழுங்கையிலேயே உண்டு.

வைத்தியரிடம் போகுமுன் கைத்தொலைபேசியில் வீடியோ எடுத்துவிடுங்கள். வீட்டில் நொண்டி, இருமி, குந்திய பூனை அங்கே மேசையில் ஏற்றியதும் ஒன்றுமே இல்லாத மாதிரி நிற்கும். கடைசியாக எப்போது தின்றது, எப்போது சலம் போனது, எத்தனை தரம் சத்தி, நிறை எவ்வளவு – ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். சத்தியையும் மலத்தையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போனாலும் யாரும் சிரிக்கமாட்டார்கள். கொண்டுபோக இரண்டு பிளாஸ்ரிக் பழக்கூடைகளை வாயோடு வாய் வைத்துக் கட்டினால் போதும். அதை அவசரத்துக்கு மட்டும் பரணில் இருந்து இறக்கினால் கண்டவுடன் பூனை ஓடிவிடும். எங்கள் கூடை விறாந்தையிலேயே பழைய சீலை விரித்துத் திறந்தபடி கிடக்கிறது. பகலில் புள்ளி படுப்பதே அதற்குள்தான்.