பன்னீர்க்குடம் உடைந்தால் நோவுக்காகக் காத்திருக்காதீர்கள்

கர்ப்பத்தின் 36ஆவது கிழமைக்குள் ஆஸ்பத்திரிப் பையைக் கட்டிவிடுங்கள்: கிளினிக் அட்டை, அடையாள அட்டை, தளர்வான சட்டைகள், பெரிய பேட், கழுவி வெயிலில் காயவைத்த குழந்தைத் துணிகள். கிளினிக் அட்டைதான் முக்கியம்; இரத்த வகையும் பரிசோதனை முடிவுகளும் அதில்தான் இருக்கின்றன.

பன்னீர்க்குடம் உடைந்தால் நேரத்தைக் குறியுங்கள், பேட் வைத்து நிறத்தைப் பாருங்கள். நோவு வரட்டும் என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். நேரம் போகப்போகக் கிருமி தொற்றும் ஆபத்துக் கூடும். நீர் பச்சையாகவோ மண்ணிறமாகவோ இருந்தாலும், இரத்தம் போனாலும், பிள்ளையின் அசைவு குறைந்தாலும் உடனே புறப்படுங்கள். 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் இலவசம்.

பன்னீர்க்குடம் உடையாதபோது, நோவு 5 நிமிடத்துக்கொருமுறை வரும்போது கிளம்பலாம் என்பது தலைப்பிள்ளைக்கு, அதுவும் திருகோணமலை நகருக்குள் இருப்பவர்களுக்கு. தூரத்தில் உள்ள மூதூர், குச்சவெளிப் பக்கத்தவர்களும் இரண்டாம் பிள்ளைக்காரரும் அதற்கு முன்பே வெளிக்கிடுங்கள்.