கிளாஸ நடத்த விடாத பையன எப்படி சமாளிக்கறது: அரசாங்கப் பள்ளி வேற, பிரைவேட் வேற

மலேசியாவுல, சுங்கை சிப்புட் பக்கம் அரசாங்கத் தமிழ்ப்பள்ளியில பல வருஷம் ஓட்டிட்டு இப்ப ஈப்போவுல ஒரு பிரைவேட் பள்ளிக்கு தினமும் போய்ட்டு வரேன், அதனால ரெண்டு பக்கமும் பட்டவன்னு வெச்சிக்கோங்க. புதுசா போஸ்டிங் வந்த டீச்சருங்களுக்குதான் இது.

முதல்ல ரோத்தான, அதாவது பிரம்ப, மறந்துடுங்க. 1959 ஒழுங்கு விதிமுறைப்படி தலைமையாசிரியரோ அவர் அதிகாரம் குடுத்தவரோதான் பிரம்பு எடுக்கலாம், பொண்ணுங்கள அடிக்கவே கூடாது. "நல்லா போடுங்க சார், எங்க வாத்தியாரு முட்டிய பேத்துருவாரு"ன்னு அப்பாமாரே சொல்லுவாங்க, நம்பி கைய ஓங்கிடாதீங்க, மறுநாள் அதே அப்பா போலீஸ் ஸ்டேஷன்ல நிப்பாரு.

அரசாங்கப் பள்ளியில பையன சுலபமா வெளிய அனுப்ப முடியாது, 2003லேர்ந்து ஆரம்பக் கல்வி கட்டாயம், அவன் உங்க கூடத்தான் இருப்பான். அதனால ஒரு நோட்டு போடுங்க. "ரொம்ப சேட்ட"ன்னு எழுதுனா யாருக்கும் பிரயோஜனம் இல்ல, "9.40, மலாய் பாடம், நாற்காலிய தள்ளிட்டு வெளிய ஓடுனான், அதுக்கு முன்னாடி பக்கத்து வரிசைப் பிள்ள வாசிச்சிக்கிட்டு இருந்தா" இப்படி எழுதுங்க. எனக்கு ஆண்டு 4ல ஒருத்தன் இருந்தான், ரெண்டு வாரம் எழுதினப்புறம்தான் புரிஞ்சுது, தன் முறை வர எத்தன பேர் இருக்காங்கன்னு எண்ணிக்கிட்டே இருந்து சரியா தனக்கு முன்னாடி கலாட்டா பண்ணிருக்கான், மலாய் வாசிக்கவே வராது லா பையனுக்கு! "வெளிய போ"ன்னு நான் கத்துனதெல்லாம் அவனுக்கு பரிசு மாதிரி. அப்புறம் நாளைக்கு எந்த பத்தின்னு முதல் நாளே அவன்கிட்ட மட்டும் சொல்லிடுவேன், வீட்டுல பழகிட்டு வருவான். உடனே சாமியாரா மாறிடல, ஆனா நாற்காலி எடத்துல நின்னுச்சு.

இந்த நோட்டுதான் ஒழுங்கு ஆசிரியர், மாணவர் நல துணைத்தலைமையாசிரியர், எஸ்எஸ்டிஎம்ல (கல்வி அமைச்சோட மாணவர் ஒழுக்கப் பதிவு சிஸ்டம்) பதியறதுன்னு எல்லாத்துக்கும் ஆதாரம். சின்னப் பள்ளியில முழுநேர கவுன்சிலர் இல்லாம இருக்கலாம், அப்ப நீங்கதான் கவுன்சிலரும்.

வீட்டுக்கு சொல்றதுல நெறைய பேர் தப்பு பண்றாங்க. பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்ல போட்டு மானத்த வாங்காதீங்க, பையன் முதுகுதான் வீங்கும். இப்ப தோட்டத்துல ரப்பர் பால் வெட்டுறவங்க கம்மி, அம்மா அப்பா பாதி பேர் பேக்டரி ஷிப்டு, அதனால எந்த ஷிப்டுன்னு கேட்டுட்டு போங்க, நைட்டு முடிச்சு தூங்குற ஆள எழுப்புனா பேச்சு அங்கயே முடிஞ்சுது. பாட்டி வளக்குற பிள்ளைன்னா பாட்டிகிட்ட உக்காந்து தே ஓ (பால் இல்லாத டீ) குடிங்க, மொதல்ல பையனப் பத்தி நல்லதா ஒண்ணு சொல்லுங்க, பொய்யா வேணாம், தேடுனா கெடைக்கும்.

பிரைவேட்ல ஆட்டமே வேற. அங்க பெத்தவங்க பீஸ் கட்டுறாங்க, மேனேஜ்மெண்டுக்கு ஒரு கண்ணு எப்பவும் அதுமேலதான். சேந்த முதல் வாரமே பள்ளி விதிப் புத்தகத்த வாங்கிப் படிங்க, எத்தன எச்சரிக்கைக்கு அப்புறம் என்ன நடக்கும்னு பிரின்சிபல்கிட்ட நேரா கேளுங்க. "உன்ன பள்ளிய விட்டே தூக்கிடுவேன்"ன்னு நீங்களா மிரட்டாதீங்க, அந்த முடிவு உங்க கையில இல்ல, பையனுக்கும் அது தெரியும். வாயால பேசினத அன்னிக்கே ஈமெயில்ல போட்டுடுங்க. வகுப்பு சின்னதா இருந்தா பக்கத்துல போய் மெதுவா பேச நேரம் கெடைக்கும், அத விட்டுடாதீங்க. ஆனா பிரைவேட் பள்ளி கைவிட்ட பையன் கடைசியில எங்க வருவான்? நம்ம டவுனு அரசாங்கப் பள்ளிக்குதான், அவனப் பத்தி ஒரு வரி குறிப்புகூட இல்லாம.

ஆண்டு 6 முடிச்சு போறப்ப அந்த நோட்ட குப்பையில போட்டுடாதீங்க. பையன் ரிமூவ் கிளாசுக்கு (இடைநிலைப் பள்ளியில படிவம் 1க்கு முன்னாடி மலாய் பழக ஒரு வருஷம்) போறான்னா அங்க உள்ள டீச்சருக்கு ஒரு போன் போட்டு "இவன திடீர்னு எழுப்பி வாசிக்க சொல்லாதீங்க, முன்னாடியே சொல்லிடுங்க"ன்னு சொல்லுங்க, இல்லன்னா அங்கயும் நாற்காலி பறக்கும்.